வேறு தளத்து நிரலை ஓட்டிய கதை

நத்தக்குளத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மிட்டாய்க் கடைக்கு அடுத்த மாடிக் கட்டடத்தில் 'நல்வரன் தகவல் நிலையம்' என்று ஒன்று இருக்கிறது. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சன்னல்கள் மூடியிருக்கும். அல்லது, மூடுவதற்காக யாராவது திறந்துகொண்டிருப்பார்கள். அதுதான் அடையாளம்.

நிலையத்தில் நான்கு பேர். தலைவர் சிவசிதம்பரம், எதையும் அவசரப்பட்டுப் புரிந்துகொள்ள மாட்டார். செயலாளர் பொன்னுரங்கம், தலைவர் வாயைத் திறக்கும்முன்பே ஒப்புக்கொண்டுவிடுவார். பொருளாளர் குஞ்சம்மாள்தான் நிலையத்திலேயே புத்திசாலி என்று மற்றவர்கள் சொல்வார்கள். சொன்னவர்கள் யார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நான்காமவர் எழுத்தர் வடமலை. பதினெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் ஜாதகப் பொருத்தச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தவர். அவருக்கு மட்டும் நாற்பத்து மூன்று வயதாகியும் ஒன்றும் அமையவில்லை.

இப்போதுதான் அமைகிற மாதிரி இருந்தது. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஆளவந்தாரின் மூன்றாவது மகள் செண்பகவல்லி, பள்ளியில் கணக்கு டீச்சர், வடமலையைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று சொல்லியிருந்தார். வடமலையை அதுவரை யாரும் அவ்வளவு தூரம் புகழ்ந்ததில்லை. ஆனால் ஆளவந்தார் ஒரு நிபந்தனை போட்டார்.

"மூத்தவங்க ரெண்டு பேருக்கும் உங்க நிலையத்துக் கம்ப்யூட்டர் சீட்டைப் பார்த்துத்தான் கொடுத்தேன். கையால எழுதின கணக்கு எனக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமை நாலு மணி பஸ்ஸுல வருவேன். சீட்டு இருந்தா பேசுவோம். இல்லேன்னா திருமங்கலத்து வரன் காத்துக்கிட்டு இருக்கு."

வெள்ளிக்கிழமை, மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் புகை விட்டுச் செத்தது.

ஞாயிறு காலை புதிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கீழே வைத்தவர் இளவழுதி. நல்ல தொழில்காரர். கூடவே தனித்தமிழ்ப் பற்றாளர். சிஸ்டத்தை இயங்குதளம் என்பார், புரோகிராமை நிரல் என்பார், விண்டோவைச் சாளரம் என்பார். முழு அதிகாரம் உள்ளவரான ரூட் யூசர் அவரிடம் 'வேர்ப் பயனர்' ஆகிவிடுவார். ஒரு தளத்துக்காக எழுதிய நிரலை இன்னொரு தளத்தில் ஓட வைக்கிற மென்பொருளுக்கு அவரே சூட்டிய பெயர் 'பொருத்தி'. இலக்கணப்படி குற்றமில்லை. குற்றமெல்லாம் பிறகு நடந்ததுதான்.

"ஐயா, உங்கள் பொருத்த நிரல் வேறு தளத்துக்கு உரியது. இதில் நேரடியாக ஓடாது. செய்ய வேண்டியதை ஏழு வரியில் எழுதிவைத்திருக்கிறேன். எனக்கு இலக்கியக் கூட்டம் இருக்கிறது, மதியம் வந்து பார்க்கிறேன்" என்று ஒரு தாளை நீட்டிவிட்டுப் போனார்.

தலைவர் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். 'நிரல் வேறு தளத்துக்கு உரியது. இந்தத் தளத்தில் ஓடாது.'

"அதானே!" என்றார் குஞ்சம்மாள். "இத்தனை வருஷம் மேல்தளத்துல ஓடினதைக் கீழ்த்தளத்துல ஓடுன்னா எப்படி ஓடும்?"

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் பொன்னுரங்கம். எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

நால்வரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். திருப்பத்தில் வடமலையின் விரல் நசுங்கியது. செண்பகவல்லியை நினைத்துக்கொண்டதால் வலி தெரியவில்லை.

இரண்டாம் வரி: 'திறந்திருக்கும் சாளரங்களை எல்லாம் மூடுக.'

சித்திரை வெயில். இருந்தும் மூன்று சன்னல்களையும் மூடினார்கள். நான்காவது ஏற்கெனவே மூடியிருந்தது. அங்கேதான் விவாதம் வந்தது.

"திறந்திருக்கிறதைத்தான் மூடச் சொல்லியிருக்கு. இது திறக்கவே இல்லையே, விட்டுடலாமா?" என்றார் பொன்னுரங்கம்.

"'எல்லாம்'னு போட்டிருக்கே" என்றார் தலைவர். "விட்டா, எல்லாம்ங்கிற சொல்லுக்கு என்ன மரியாதை?"

அந்தச் சன்னல் பத்து வருடமாகத் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நாற்பது நிமிடம் சுத்தியலால் தட்டித் திறந்தார்கள். திறந்ததும் மூடினார்கள்.

வியர்வை ஆறாக ஓடியது. மூன்றாம் வரி: 'வேர்ப் பயனராக நுழைக.'

"வேரைப் பயன்படுத்துற ஆளு நுழையணுமாம். நாட்டு மருந்துக் கடைக்காரரைக் கூப்பிடலாமா?" என்றார் வடமலை.

"ஞாயித்துக்கிழமை அவரு கடை திறக்க மாட்டாரு. எதுக்கு அவரு? நான் தினமும் வெட்டிவேர் போட்ட தண்ணியத்தான் குடிக்கிறேன்" என்றார் குஞ்சம்மாள்.

மூவரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். இத்தனை நாள் ஒரு வேர்ப் பயனரோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. குஞ்சம்மாள் வெளியே போய், ஒரு டம்ளர் வெட்டிவேர்த் தண்ணீர் குடித்து, வலது காலை எடுத்துவைத்து நுழைந்தார். கம்ப்யூட்டர் அசையவில்லை.

"அதுக்கு இப்ப நம்ம மேல ஒரு மதிப்பு வந்திருக்கும். வெளியே காட்டிக்காது" என்றார் தலைவர்.

நான்காம் வரி: 'நிரலுக்கும் தளத்துக்கும் பொருத்தம் பார்க்க.'

இதைப் படித்ததும் எல்லார் முகத்திலும் தெம்பு வந்தது. தெரிந்த வேலை. தலைவர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"நிரல் பிறந்த தேதி?"

"நிரல் இருக்கிற குறுந்தகட்டு உறையில போட்டிருக்கு சார்."

"தளம்?"

"தளம் போட்ட அன்னைக்கு நான்தான் கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வைகாசி மாசம், திருவோணம். சிமென்ட் காயுறதுக்குள்ள மழை வந்துடுச்சு" என்றார் பொன்னுரங்கம்.

"இதுல யாரு பொண்ணு, யாரு மாப்பிள்ளை?" என்று கேட்டார் வடமலை.

"இன்னொரு தளத்துக்குப் போய் வாழ வேண்டியது நிரல். அப்ப நிரல்தான் பொண்ணு" என்றார் குஞ்சம்மாள். தளம் மாப்பிள்ளையாயிற்று.

தலைவர் விரல்விட்டு எண்ணினார். முகம் சுருங்கியது. "ரஜ்ஜு தட்டுது."

முந்நூறு வீடுகளில் இந்த இரண்டு சொற்களைச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தியவர்கள் அவர்கள். கடைசியில் பரிகாரமாக, தளத்தின்மேல் மஞ்சள் நீர் தெளித்து ஒரு தேங்காயை ஓங்கி அடித்தார்கள். தேங்காய் உடையவில்லை, தளத்தில் சிறு பள்ளம் விழுந்தது. "மாப்பிள்ளை கொஞ்சம் பலவீனம்" என்று குஞ்சம்மாள் முணுமுணுத்தார்.

மணி இரண்டு. ஐந்தாம் வரி: 'பொருத்தியைப் பொருத்துக.'

"பொருத்தின்னா யாரு?" என்றார் பொன்னுரங்கம்.

தலைவர் நெடுநேரம் தாளை உற்றுப் பார்த்தார். "எழுத்துப்பிழை. 'ஒருத்தி'ன்னு எழுத நினைச்சிருக்காரு. ஒருத்தியைப் பொருத்துக."

வடமலையின் கண் கலங்கிவிட்டது. "அதுக்குத்தானே சார் காலையிலேருந்து பாடுபடறோம்!"

ஒருத்தியைப் பொருத்துவது ஆளவந்தார் வந்த பிறகே முடியும் என்பதால், அந்த வரியை ஒத்திவைப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று. ஆறாம் வரிக்குப் போனார்கள். 'நிரலை ஓட்டுக.'

வடமலை குறுந்தகட்டை எடுத்து, விளிம்பில் நிறுத்தி, மெல்லத் தள்ளினார். அது பளபளவென்று சுவர்வரை ஓடியது.

"ஓடுது! ஓடுது!" என்று கத்தினார் பொன்னுரங்கம்.

இரண்டாம் முறை கொஞ்சம் வேகமாகத் தள்ளியதில் நிரல் வாசலைத் தாண்டிப் படியில் இறங்கிற்று. டக், டக் என்று பதினாறு படியும் குதித்துக் கீழ்த்தளத்தில் இரண்டு வட்டம் போட்டுப் படுத்தது.

"மேல்தளத்து நிரல்," என்றார் தலைவர், "கீழ்த்தளத்துலயும் ஓடிடுச்சு."

"சீட்டு எங்க சார்?" என்றார் வடமலை.

சீட்டு வரவில்லை. ஆறேழு முறை ஓட்டியும் வரவில்லை. மணி மூன்றே கால். வடமலை படியில் உட்கார்ந்து, திருமங்கலத்து வரன் எப்படி இருப்பான், தலையில் முடி இருக்குமா என்று யோசிக்கத் தொடங்கினார். இருக்கும் என்றே பட்டது.

அப்போதுதான் இளவழுதி வந்தார். அறைக்குள் நுழைந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. மஞ்சள் நீரையும் தேங்காயையும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வரும் என்ற அனுபவம் அவருக்கு இருந்தது. குறுந்தகட்டைச் சட்டையில் துடைத்து உள்ளே போட்டார். எதையோ தட்டினார். இரண்டு நிமிடம். பழைய நிரல் புதிய கம்ப்யூட்டரில் விநாயகர் படத்தோடு வந்து நின்றது. வடமலை நசுங்கிய விரலால் இரண்டு ஜாதகத்தையும் அடித்தார். அச்சுப்பொறி சீட்டை வெளியே தள்ளியது. பத்துக்கு ஒன்பது.

"பிற்பகல் அமர்வு தொடங்கியிருக்கும்" என்று எழுந்தார் இளவழுதி. "தாளில் உள்ளதை மட்டும் செய்யுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்."

நாலு மணி பஸ்ஸில் ஆளவந்தார் வந்து இறங்கினார். செண்பகவல்லியின் புகைப்படத்தை வடமலையிடம் கொடுத்தார், காபி குடித்தார், சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்பது! என் மூத்தவளுக்கே எட்டுதான்" என்று வடமலையின் கையைப் பிடித்துக்கொண்டார். "சந்தோஷம் மாப்பிள்ளை."

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக நிலையத்தில் வடமலையின் பல் தெரிந்தது.

"தலைவரே," என்று இழுத்தார் பொன்னுரங்கம். "இன்னும் ஒரு வரி இருக்கே."

தலைவர் தாளை எடுத்து ஏழாம் வரியை உரக்கப் படித்தார். 'எல்லாம் முடிந்ததும் மீண்டும் தொடங்குக.'

வடமலை புகைப்படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"முதல்லேருந்தா?" என்றார் வடமலை.

"மீண்டும்னா முதல்லேருந்துதானே" என்றார் குஞ்சம்மாள் இரக்கத்தோடு.

எல்லாரும் பயந்துகொண்டே ஆளவந்தாரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார். ஏழு வரியையும் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு விதியையும் விட்டதில்ல. இப்படி ஒரு இடத்துலதான் பொண்ணு கொடுக்கணும்னு இருந்தேன்" என்று சீட்டை மடித்துத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தார். "இது இன்னும் என் கைக்கு வரல. அடுத்த ஞாயித்துக்கிழமை, நாலு மணி பஸ்."

"வெள்ளிக்கிழமை அந்தப் பழைய கம்ப்யூட்டர் மறுபடியும் சாகணுமே" என்றார் பொன்னுரங்கம்.

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றார் தலைவர்.

ஆளவந்தார் புகைப்படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். குடித்த காபியை என்ன செய்வது என்று ஒரு சிக்கல் வந்தது. குஞ்சம்மாள் இன்னொரு காபி போட்டு அதே டம்ளரில் நிரப்பி வைத்ததும் அது தீர்ந்தது.

"சார், நான் சிரிச்சது?" என்றார் வடமலை.

"சீட்டு வரதுக்கு முன்னாடி நீ கவலையாத்தானே இருந்தே?" என்றார் தலைவர்.

வடமலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தார். உள்ளே சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்ததால் இந்த முறை கவலைப்படுவது கடினமாக இருந்தது. திருமங்கலத்து வரனுக்கு இன்னும் நிறைய முடியை வைத்துப் பார்த்தார்.

"அப்படித்தான் மாப்பிள்ளை!" என்று முதுகில் தட்டிய ஆளவந்தார் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல, இல்ல. மாப்பிள்ளைன்னு நான் இன்னும் சொல்லலையே."

பிறகு, மூன்று படி இறங்கியவர் ஏதோ நினைவுக்கு வந்து மேலே ஏறிப்போனார். நான்கு சன்னல்களில் மூன்றை மட்டும் அகலத் திறந்துவைத்துவிட்டு, பஸ் பிடிக்க ஓடினார்.