கிழக்குப் பார்த்த நாற்காலிகள்

கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் தொழில் பெருகும் என்று பலர் நம்புகிறார்கள். தவறு. கிழக்குச் சுவர் தெரியும், அவ்வளவுதான்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி புது ஆபீசுக்கு மாறியது. மேலாளர் தண்டபாணி அட்டெண்டர் குப்பணனை அழைத்தார்.

"முப்பது பேரும் கிழக்குப் பார்க்கோணும். அவங்களுக்குப் பின்னால நானும் கிழக்குத்தான். ஆனா எல்லாரு மூஞ்சியும் எனக்குத் தெரியோணும். முடியாட்டி நாளைக்கு வேலைக்கு வராதே."

"ஆகட்டுங்க" என்ற குப்பணன், சலூனில் இருப்பது போலக் கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தார். மேலாளர் முப்பது முகங்களையும் பார்த்துப் பூரித்தார்.

மதியம் வழக்கப்படி வாய் பிளந்து தூங்கினார். விழித்தபோது, கண்ணாடியில் முப்பது முகங்களும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

"குப்பணா, இது என்னையுமல்லோ காட்டுது?"

"எல்லாரு மூஞ்சியும்னு சொன்னீங்க. உங்களை விட்டா மரியாதையா இருக்குமுங்களா?"

மறுநாள் மேலாளரின் நாற்காலி மட்டும் மேற்குப் பார்த்திருந்தது.