மலையில் பெட்ரோல் குடித்தது யார்?

மார்கழி ஒன்பதாம் தேதி, காலை ஏழு மணி. லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர். குற்றவாளியின் பெயர் வெள்ளியங்கிரி.

மஞ்சுக்கோடு மலை அரண்மனையில் அன்று சபை கூடியதும் இதற்காகத்தான். பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும் மன்னர் பராங்குச வர்மரின் ஹைபிரிட் கார் சித்திரையில் இதே மலையில், இதே சாலையில் லிட்டருக்கு இருபத்து நாலு கொடுத்தது. மார்கழியில் பதினாறுதான் கொடுக்கிறது. மீதி எங்கே போனது?

"டிரைவர் வீட்டுக்குப் போனது, அரசே" என்றார் அமைச்சர் சாரங்கபாணி. அவருடைய மைத்துனர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு நாலு மாதம் ஆகியிருந்தது. வேலை எதுவும் காலியாகவில்லை.

டிரைவர் வெள்ளியங்கிரி கைகட்டி நின்றார். "குளிருதானுங்க காரணம். வண்டி குளிர்ல அதிகமாக் குடிக்குதுங்க."

"காருக்குக் குளிருமா! ஸ்வெட்டர் பின்னித் தரட்டுமா?" என்றார் அமைச்சர்.

சபை சிரித்தது. அமைச்சர் நகைச்சுவை சொன்னால் சிரிப்பது அந்தச் சபையின் பணி விதிகளில் ஒன்று. மன்னரும் சிரித்துவிட்டு ஆணையிட்டார்: நாளை காலை டிரைவரின் லைசென்ஸைச் சபை நடுவே எரிக்க வேண்டும். அதன் பிறகு நாட்டில் எவரும் அவருக்குச் சாவி கொடுக்கக் கூடாது.

சிரிக்காத ஒருவர் இருந்தார். ஆஸ்தானப் புலவர் ஆதிமூலம். அவர் பாட்டு எழுதி வெகுகாலம் ஆகிறது. மன்னர் தவறு செய்யும்போது பக்கத்தில் நின்று இருமுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அன்றும் இருமிவிட்டு, நேராகக் காவல் அறைக்குப் போனார்.

"உண்மையைச் சொல்லு வெள்ளியங்கிரி. எடுத்தியா?"

"இருபது வருசமா ஸ்டீயரிங் பிடிச்ச கைங்க. ஒரு சொட்டு எடுத்ததில்லீங்க."

"அப்ப எங்கே போச்சு?"

"குளிர்ல பேட்டரி சோம்பேறி ஆயிருதுங்க. கரண்டைச் சரியா வாங்கவும் மாட்டேங்குது, கொடுக்கவும் மாட்டேங்குது. வெயில் காலத்துல மெதுவாப் போறப்ப இஞ்சின் அணைஞ்சுக்கும், பேட்டரியே இழுக்கும். இப்ப இஞ்சின் தனக்குச் சூடு ஏத்திக்கவே ஓடியாகணும். அதுக்கு மேல ஹீட்டர். இந்த வண்டியில அந்த அனல் இஞ்சின்ல இருந்துதானுங்க வருது. ஹீட்டர் போட்டா இஞ்சின் தூங்கவே தூங்காது."

"ராஜா எவ்வளவு தூரம் போறார்?"

"கோயிலுக்கு அரைக் கிலோமீட்டருங்க. ஆனா அவர் பல் விளக்க ஆரம்பிச்சதும் வண்டியைக் கிளப்பி, உள்ள அனலா வைக்கணும். திரும்பறதுக்குள்ள ஆறிப்போகும், மறுபடி சூடு பண்ணணும். ஆசனம் சில்லுனு இருக்கக் கூடாதுன்னு அமைச்சர் கையெழுத்துப் போட்ட உத்தரவுங்க."

ஆதிமூலம் தாடியைத் தடவினார். இதைச் சபையில் சொல்லிப் பயனில்லை. டிரைவர் சொன்னால் சாக்கு, புலவர் சொன்னால் கற்பனை. சொல்ல வேண்டியவர் சொன்னால்தான் எடுபடும்.

அவர் மன்னரிடம் போனார். "அரசே, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். டாங்கியை விளிம்புவரை நிரப்பி, மூடியில் அரக்கு முத்திரை வையுங்கள். டிரைவர் பூட்டிய அறையிலேயே இருக்கட்டும். கார் ஒரு அங்குலம் நகரக் கூடாது. பொழுது சாயும்வரை அமைச்சரே காவல் இருக்கட்டும், வேறு யாரை நம்புவது? பெட்ரோல் குறையாவிட்டால் வெள்ளியங்கிரி திருடன். என் பதவியையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

சாரங்கபாணிக்கு வாயெல்லாம் பல். நிற்கிற காரில் பெட்ரோல் எப்படிக் குறையும்? ஒரே நாளில் இரண்டு காலியிடம்!

எட்டு மணிக்கு முத்திரை விழுந்தது. எட்டேகாலுக்கு மூடுபனி இறங்கியது. எட்டரைக்கு அமைச்சரின் பற்கள் தாளம் போட்டன. காவலுக்கு வாங்கிய சாவியோடு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். எதிரே ஹீட்டர் குமிழ். பேட்டரி வண்டிதானே என்று சாவியைப் போட்டு, குமிழை முழுதாகத் திருகினார். இஞ்சின் உறுமியது. அது தமக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

மாலை ஆறு மணிக்கு மன்னர் வந்தார். அரக்கு உடையவில்லை. உடைத்து, மறுபடி விளிம்புவரை ஊற்றினார்கள். நாலரை லிட்டர் பிடித்தது.

மன்னரின் மீசை துடித்தது. "அமைச்சரே! முத்திரை அப்படியே இருக்கிறது. டிரைவர் அறையில் இருக்கிறான். வண்டிக்குள் இருந்தது நீர் ஒருவர்தான்."

"அமைச்சரை வாயைத் திறக்கச் சொல்லுங்கள் அரசே, முகர்ந்து பார்த்துவிடலாம்" என்றார் ஆதிமூலம்.

"ஐயோ அரசே! நான் தொடவே இல்லை!" சாரங்கபாணி கதவைத் திறந்துகொண்டு குதித்தார். இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல உள்ளிருந்து அனல் அடித்தது. அந்த மலையில் அன்று வியர்த்திருந்த ஒரே மனிதர் அவர்தான். "குளிர்தான் அரசே காரணம்! ஹீட்டர் போட்டேன், இஞ்சின் நிற்காமல் ஓடியது! குளிரில் இந்த வண்டி அப்படித்தான் குடிக்கும்! இது சத்தியம்! இதற்காக ஒருவனைத் திருடன் என்றால் அது அநியாயம்!"

ஆதிமூலம் மெதுவாக இருமினார்.

"அரசே, காலையில் இதையே சொன்னவர் உள்ளே இருக்கிறார். அவரை வெளியே விடுவதா, இவரை உள்ளே வைப்பதா? இரண்டில் ஒன்றுதான் முடியும்."

மன்னர் அமைச்சரைப் பார்த்தார், அனல் அடிக்கும் காரைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். சபை சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்காமல் அவர் தானாகவே சிரித்தது அதுவே முதல் முறை. வெள்ளியங்கிரியின் கையில் லைசென்ஸும் சாவியும் வந்தன. ஆதிமூலத்துக்கு ஒரு பட்டுச் சால்வை.

மறு ஆண்டு மார்கழி முதல் தேதி அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியானது. குளிரில் ஹைபிரிட் கார்கள் ஏன் அதிகம் பெட்ரோல் குடிக்கின்றன என்று ஆராய ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. தலைவர், அமைச்சர் சாரங்கபாணி. காலம், மூன்று ஆண்டுகள். டிரைவர், அவருடைய மைத்துனர்.