ரேடியோ தொடுத்த வழக்கு

கொன்றையூர் சமஸ்தானத்து ராஜா கஜேந்திரபூபதி எதையும் பொறுத்துக்கொள்வார். சாம்பாரில் உப்பில்லையா, சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். ஆனால் அரண்மனைக்குப் புதிதாக வந்த ரேடியோவில் கச்சேரி நடக்கும்போது பக்கத்தில் யாரும் தும்மிவிடக் கூடாது.

ஒருநாள் சாயங்காலம் பாடகர் உச்சஸ்தாயியில் ஏறி நிற்கிறார். ராஜா கண்ணை மூடிச் சொக்கிப்போயிருக்கிறார். திடீரென்று 'கர்ர்ர்' என்றது ரேடியோ. பாட்டைக் காணோம். சற்று நேரத்தில் மறுபடியும் 'கர்ர்ர்'.

"யார் செய்த வேலை இது?" என்று கர்ஜித்தார் ராஜா.

பக்கத்து அறையிலிருந்து திவான் கோதண்டராயர் ஓடி வந்தார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிற ஆசாமி. அவருடைய மைத்துனர் ஒரு வண்டி நிறைய டெலிபோன்களை வாங்கிப்போட்டு, விற்க வழியில்லாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கடைவீதி டெலிபோன்களால் வந்த வினை, மகாராஜா. தரமில்லாத கருவிகள். நம் ரேடியோவைத் தொந்தரவு செய்கின்றன. ஒரு சட்டம் போட்டால் சரியாகிவிடும்."

மறுநாளே தண்டோரா போட்டார்கள். சமஸ்தானத்தில் எந்தக் கருவியும் மற்றக் கருவிக்குத் தொல்லை தரக் கூடாது; தந்தால் அதன் கம்பி அறுபடும். மற்றக் கருவியால் தொல்லை வந்தால் முணுமுணுக்காமல் தாங்கிக்கொள்ள வேண்டும். கடைகளில் உள்ள டெலிபோனுக்குத் திவானின் முத்திரை இல்லையென்றாலும் கம்பி அறுபடும்.

இரண்டாவது விதி எதற்கு என்கிறீர்களா? மைத்துனரின் டெலிபோன் கொரகொரத்தால் வாங்கியவன் புகார் சொல்லக் கூடாதே, அதற்கு. அந்த டெலிபோன்களுக்கு முத்திரை தானாக விழுந்தது. மற்றவற்றுக்கு விழவே இல்லை. கடைவீதியில் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டு புதியது வாங்கினார்கள்.

மிளகாய் மண்டி உலகம்மை மட்டும் வாங்கவில்லை. அவள் வியாபாரமே டெலிபோனில்தான் நடந்தது. துறைமுகத்தில் இன்று என்ன விலை என்று காதில் விழுந்த பிறகுதான் மூட்டையை அவிழ்ப்பாள். அவளுடைய கம்பியை அறுக்க உத்தரவானது. அழுதுகொண்டே அரண்மனை விகடர் மாசிலாமணியிடம் ஓடினாள்.

"அண்ணே, போன் போச்சுன்னா என் மண்டியே போச்சு. அது யாருக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? வாயில்லாத சாமான்."

"வாயும் காதும் மட்டும்தாம்மா அதுக்கு இருக்கு. கழற்றி எடுத்துக்கிட்டு நாளைக்குச் சபைக்கு வா," என்றார் மாசிலாமணி.

மறுநாள் சாயங்காலம் சபையில் மாசிலாமணி கைகட்டி நின்றார். "மகாராஜா, வாதியும் பிரதிவாதியும் நேருக்கு நேர் நிற்காமல் இங்கே தீர்ப்புச் சொல்வதில்லை. பிரதிவாதி டெலிபோன் வந்துவிட்டது. வாதி எங்கே?"

"வாதியா? யார் அது?" என்றார் ராஜா.

"தங்கள் ரேடியோதான். அதற்குத்தானே தொல்லையாம்."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான்கு ஆட்கள் ரேடியோவைப் பல்லக்குப் போலத் தூக்கி வந்தார்கள். குற்றவாளிக் கூண்டில் டெலிபோன், எதிரே ரேடியோ. நல்லவேளையாகக் கச்சேரி நேரம். பாட்டுத் தொடங்கியது. சபையே தலையாட்டியது.

திவானுக்கு வியர்த்தது. வழக்கம்போல ஆசனத்துக்குப் பக்கத்தில் இருந்த மின்சார மணியின் பொத்தானை அழுத்தினார். தாழ்வாரத்தில் மணி அடித்தது. சேவகன் மோர் கொண்டுவந்தான். 'கர்ர்ர்' என்றது ரேடியோ.

"பார்த்தீர்களா, மகாராஜா? டெலிபோனின் அட்டகாசம்," என்று துள்ளினார் திவான். துள்ளிய வேகத்தில் வெற்றிலைக்காக இன்னொருமுறை அழுத்தினார். 'கர்ர்ர்'.

மாசிலாமணி கூண்டுக்குள் கையை விட்டு டெலிபோனின் கம்பியை இழுத்துக் காட்டினார். கம்பியின் மறுமுனை உலகம்மையின் கையில் இருந்தது. எதிலும் மாட்டவில்லை.

"கழற்றிப்போட்ட டெலிபோன் எப்படி மகாராஜா அட்டகாசம் செய்யும்? திவான் மோர் கேட்டால் ரேடியோ உறுமுகிறது. வெற்றிலை கேட்டாலும் உறுமுகிறது. ஐயா, மூக்குப்பொடி வேண்டுமென்றால் அதையும் கேட்டுவிடுங்கள். சந்தேகமே இருக்காது."

தினமும் கச்சேரி நேரத்தில் பக்கத்து அறையில் திவான் இதேபோல இன்னொரு மணியை அடித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் எல்லாருக்கும் பழகிப்போய்விட்டது. அதனால் அதை யாரும் சந்தேகப்படவில்லை.

"சட்டப்படி தொல்லை தந்த கருவியின் கம்பியை அறுக்க வேண்டுமல்லவா?" என்றார் ராஜா.

மணியில்லாத திவான் மதிப்பில்லாத திவான் ஆயிற்றே. கோதண்டராயர் பதறினார். "மகாராஜா, இரண்டாவது விதி இருக்கிறது. வரும் தொல்லையைத் தாங்கிக்கொள்வது ரேடியோவின் கடமை. உறுமியது அதன் குற்றம்தான்."

"அப்படியானால் டெலிபோன்மேல் குற்றம் இல்லையே?" என்றார் மாசிலாமணி.

"இல்லவே இல்லை. எல்லாம் ரேடியோவின் குற்றம்."

"என் ரேடியோ குற்றவாளியா?" என்று மெதுவாகக் கேட்டார் ராஜா.

திவானின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"உலகம்மை, உன் டெலிபோனை எடுத்துக்கொண்டு போய் மாட்டு. முத்திரை எதுவும் வேண்டாம். மைத்துனர் விற்றதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். திவானின் மணிகளை இப்போதே கழற்றுங்கள்," என்றார் ராஜா. பிறகு மாசிலாமணியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "சட்டத்தை வீணாக்க வேண்டாம். இனி அது திவானுக்கு. அவர் யாருக்கும் தொல்லை தரக் கூடாது. யார் தொல்லை தந்தாலும் தாங்கிக்கொள்ள வேண்டும். சரிதானே?"

"முதல் விதி மட்டும் அவருக்குப் போதும், மகாராஜா."

"ஏன், இரண்டாவது?"

"அவர் தொல்லையை நிறுத்திவிட்டால் தாங்கிக்கொள்ள ஊரில் எதுவும் மிஞ்சாது. தாங்கிக்கொள்கிற பரீட்சையா? அதை இந்த ஊரே திவானிடம் எழுதி எப்போதோ தேறிவிட்டது."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவி மடியில் விழுந்தது. அதை எடுத்து மாசிலாமணியின் தலையில் வைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். அப்போது கச்சேரி உச்சத்தில் இருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.