யார் தாலுகா ஏரி?

நில அளவை அலுவலகத்தில் பூங்கோதை தற்காலிக ஊழியை. ஒன்பது தாலுகாக்களின் வரைபடங்கள் அவள் பொறுப்பில், ஒரே சர்வரில் தனித்தனித் தொகுப்புகளாக இருந்தன. யார் எதைத் திருத்தினாலும் பழைய படம் அழியாமல், திருத்தியவர் பெயரும் பதிவாகிவிடும்.

மருதேரி என்னும் ஏரியில் வீட்டு மனை போடக் கூடாதென்று ஊரார் மனு கொடுத்தார்கள். சப் கலெக்டர் விசாரணைக்குப் பூங்கோதை கணினியோடு வந்திருந்தாள். அவள் அலுவலக உதவி இயக்குநர் சந்தானராமன் மேசையைத் தட்டினார்.

"அங்கே ஏரியே இல்லை! எல்லாத் தாலுகாவையும் ஒரே மெஷினில் கொட்டினால் இப்படித்தான். பழைய படத்தில் வேறு தாலுகா ஏரி கலந்துவிட்டது. ஏய், அந்தப் படத்தை அழி!"

"அந்தத் தண்ணியிலதான்யா நாங்க நாத்து நடறோம்!" என்று ஊரார் கொதித்தார்கள்.

பூங்கோதை பணிவாகக் கேட்டாள். "எந்தத் தாலுகா ஏரி சார்? பாவம், அவங்களுக்கே திருப்பிக் கொடுத்துடறேன்."

"வடவூர்!"

வடவூர்த் தொகுப்பைத் திரையில் திறந்தாள். முதல் படத்திலிருந்தே அங்கே எந்த ஏரியும் குறையவில்லை.

"அங்கே எதுவும் தொலையலை சார். மருதேரி இருக்கிற நம்ம தாலுகா தொகுப்பைப் பார்க்கலாம்."

முதல் படத்தில் மருதேரி நீலமாக விரிந்திருந்தது. போன செவ்வாய்க்கிழமைப் படத்தில் அது இல்லை. கீழே 'திருத்தியவர்: சந்தானராமன்' என்றிருந்தது.

"இதில் எந்தப் படத்தை அழிக்கட்டும், சார்?" என்றாள் பூங்கோதை.

"எதையும் தொடாதே அம்மா," என்றார் சப் கலெக்டர். "சந்தானராமன், நீங்கள் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்."