ரோல் ஓரத்து முகம்

"டீச்சர், மெஷின் என்னைத் தின்னுது."

தங்கப்பழம் அண்ணாச்சி செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே சொன்னார்.

ஜெபமலர் ஒரு காதுகுத்து பேனருக்கு எழுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். திரையைவிட்டுத் திரும்பவில்லை.

"உள்ள வந்து சொல்லுங்க. அங்க நின்னு சத்தமாச் சொன்னா என் மெஷினும் கேட்டுக் கத்துக்கிடும்."

அவருக்குப் புளியங்குடியில் பிளெக்ஸ் கடை. அவளுக்குச் சங்கரன்கோவிலில். வயதில் அவள் ரொம்ப இளையவள். ஆனால் பத்தடி பிரிண்டிங் மெஷினை அவர் வாங்கின புதிதில் அதை ஓட்டப் பழக்கிவிட்டது அவள்தான். அன்றையிலிருந்து அவள் அவருக்கு டீச்சர். அவர் அவளுக்கு அண்ணாச்சி.

உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இங்க் ஊத்தி மாளலை. வேலை பழைய அளவுதான் வருது. இங்க் மட்டும் ரெண்டு பங்கு போகுது. மதுரையில இருந்து ஒருத்தர் மெஷினை விலைக்குக் கேக்காரு. வெள்ளிக்கிழமை வண்டியோட வாரேங்காரு."

"குடுக்க மனசா?"

"மனசு இல்லாமத்தான உங்ககிட்ட வந்தேன். செலவை இறக்க ஒரு வழி சொல்லுங்க."

"பிரிண்ட் ஹெட்டு?"

"தினமும் காலையில துடைக்கேன்."

"இங்க் எங்கயும் ஒழுகுதா?"

"ஒரு சொட்டு ஒழுகலை."

"ஏசி?"

"மெஷினுக்குத்தான் ஏசி. எனக்கு அட்டைதான் விசிறி."

"உங்களை யாரும் பிரிண்ட் எடுக்கப் போறதில்லை. அட்டை போதும்."

வேறொரு காலமாக இருந்தால் அவரும் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பார்.

அவள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"ரோல் ஓரத்தை என்ன பண்ணுதீங்க?"

பிளெக்ஸ் ரோல் பத்தடி அகலம். எட்டடி பேனர் அடித்தால் ஓரத்தில் இரண்டடி வெள்ளையாக மிஞ்சும். அந்த இடத்தில் இன்னொருவருடைய சின்ன வேலையைச் சேர்த்து அடிக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். அவள் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான்.

அண்ணாச்சி வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"மிஞ்சினதை வெட்டிப் போட்டுருவேன்."

"வெட்டிப் போட்டதைக் கொண்டாங்க."

"கழிவையா?"

"கழிவைத்தான்."

மறுநாள் ஒரு சாக்கைச் சுமந்துகொண்டு வந்தார்.

அவள் சாக்கின் வாயை அவிழ்த்து ஒரு துண்டை உருவினாள். வெள்ளை. இன்னொன்றை உருவினாள். அதுவும் வெள்ளை. கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவினாள்.

"எல்லாம் வெள்ளை."

"ஓரம் வெள்ளையாத்தான டீச்சர் இருக்கும்?"

"வெள்ளைத் துண்டு எப்படி இங்க் குடிக்கும்?"

அண்ணாச்சி தன் கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் மஞ்சள் ஏறிக் கிடந்தது.

அவள் சாக்கைக் கட்டி அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"டீயைக் குடிங்க. குடிச்சிட்டுப் போயி, ஒளிச்சு வச்சதைக் கொண்டாங்க."

டீயைத் தொடாமலே பஸ் ஏறினார்.

வியாழக்கிழமை வந்தார். அக்குளில் ஒரு சுருள். மேலே, இடுப்பில் கட்டும் பழைய சாரம் சுற்றியிருந்தது.

கடையில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை முகத்தை இன்னும் கொஞ்சம் பளிச்சென்று போடச் சொல்லி அவர் நச்சரித்து முடித்து எழுந்து போகும்வரை, அண்ணாச்சி சுருளைக் கீழே வைக்கவில்லை.

பிறகு சாரத்தை அவிழ்த்துத் தரையில் உருட்டிவிட்டார்.

வாசலில் இருந்து மெஷின் வரைக்கும் ஓடி நின்றது அது. துண்டு துண்டாக வெட்டியதையெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருந்தார்.

நெடுக ஒரே முகம். ஒரு பெண்பிள்ளை. ஒன்றில் மஞ்சள் பூசினாற்போல் இருந்தாள். ஒன்றில் செங்கல் நிறம். ஒன்றில் சாம்பல் பூத்திருந்தது. ஒன்றில் கருகிப்போயிருந்தாள். அத்தனையிலும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெபமலருக்கு அந்த முகத்தைத் தெரியும். சுபிதா. அண்ணாச்சிக்கு ஒரே மகள். போன ஆடியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை. நடந்துதான் போனாள். நடந்து வரவில்லை.

ஜெபமலர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணீர் அஞ்சலி பேனரை நான்தான் அடிச்சேன், டீச்சர். வேற யாரையும் தொட விடலை."

"தெரியும்."

"நம்ம தொழில் உங்களுக்குத் தெரியும்லா. யாரு படம் வந்தாலும் முதல்ல முகத்தை வெளுக்கோம். அவங்க கேக்காமலே வெளுக்கோம். சடங்குக்கும் வெளுக்கோம், கட்சிக்காரனையும் வெளுக்கோம், செத்தவங்களையும் வெளுக்கோம். கை பழகிப்போச்சு."

முன்னால் கிடந்த ஒரு முகத்தின் சுருக்கத்தை நீவினார்.

"அவளையும் வெளுத்துட்டேன்."

ஜெபமலர் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தெருமுக்குல கட்டினோம். அவ அம்மா வெளிய வந்து அண்ணாந்து பாத்தா. இது யாரு பிள்ளைன்னு கேட்டா. வேற ஒண்ணும் சொல்லலை. உள்ள போயிட்டா."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு அந்தப் பேச்சையே ரெண்டு பேரும் எடுக்கலை. ஒண்ணே ஒண்ணு சரியா வந்துட்டா, கொண்டுபோயி அவகிட்டக் காட்டிரலாம்னு பாக்கேன். யாரு பேனர் ஓடினாலும் ஓரத்துல இவளைப் போடுதேன். மஞ்சளைக் கூட்டுதேன், சிவப்பைக் குறைக்கேன், கருப்பைத் தொட்டுத் தொட்டு வைக்கேன். வரமாட்டேங்குது."

"வேற படம் இல்லையா?"

"போன்ல இருக்கிறது பூரா அந்த வெளுக்கிற கேமரா. ஸ்டுடியோவுல எடுத்ததும் அப்படித்தான். மனசுல இருந்ததை வச்சுத்தான் அடிச்சேன். அடிக்க அடிக்க, மனசுல இருந்ததும் கலைஞ்சு போச்சு."

சாரத்தை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மெஷின் போனா பிழைப்பு போகும். போகட்டும், கூலிக்குப் போயிக்கிடுவேன். ஆனா இந்த முகம் வராமலே போயிரும். அதான் டீச்சர், எனக்கு."

அவள் ஒவ்வொரு முகமாகக் கைவைத்துக்கொண்டே நகர்ந்தாள். கடைசி முகம்வரை போனாள். திரும்பி வந்தாள்.

"பிள்ளை அப்பா நிறமா, அம்மா நிறமா?"

ஊரில் எந்தக் குழந்தையைக் கண்டாலும் எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

அண்ணாச்சிக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அம்மா நிறம். அப்படியே அவ அம்மா நிறம். பிறந்த அன்னைக்கே நர்சம்மா சொல்லிட்டாங்க."

"அது என்ன நிறம்?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

பிறகு குனிந்து தரையில் கிடந்த முகங்களில் தேடினார்.

"அதுல இல்லை, அண்ணாச்சி."

அவள் மெதுவாகச் சுருளைச் சுருட்டத் தொடங்கினாள். அவர் தடுக்கவில்லை.

"அவ அம்மா சோறு வைப்பா," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத குரல். "நான் தட்டைப் பாத்துச் சாப்பிடுவேன். அவ தண்ணி கொண்டாந்து வைப்பா. நான் செம்பைப் பாப்பேன்."

ஜெபமலர் சுருளைச் சாரத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு வண்டி வந்துருமே. மதுரைக்காரருக்கு என்ன சொல்லட்டும், டீச்சர்?"

"என்னைய ஏன் கேக்கீங்க? வீட்டுல கேளுங்க."

அவர் வீட்டுக்குப் போனபோது உச்சிவெயில். கடையைத் தாண்டித்தான் வீடு. கடையை அவர் திறக்கவில்லை.

அவர் மனைவி ராஜகனி உள்கட்டில், இருட்டுக்குள் உட்கார்ந்து சொளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சோறு இன்னும் வடிக்கலை."

"சோத்துக்கு வரலை."

"பின்ன?"

"மெஷினைக் குடுத்துரவா வேண்டாமான்னு உன்கிட்டக் கேக்க வந்தேன்."

சொளகு நின்றது.

"என்கிட்டயா?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இருட்டில் அவளுடைய கண் மட்டும்தான் தெரிந்தது.

"ராஜகனி," என்றார். "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாயேன்."