மிளகாய் கழற்றாத தலைப்பாகை

அந்தக் காலத்தில் காய்களுக்கு வாய் இருந்தது, காகத்துக்குப் பதவி இருந்தது, வெயிலுக்குத் தலைக்கனம் இருந்தது. முதல் இரண்டும் போய்விட்டன. மூன்றாவது போய்விட்டதா என்று சந்தேகம் உள்ளவர்கள் சித்திரை மாதத்தில் செருப்பில்லாமல் நாலு எட்டு நடந்து பார்க்கலாம்.

சூரியனை அப்போது யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். வெயிலய்யா என்றுதான் சொல்வார்கள். எதைக் காயவைக்க வேண்டுமென்றாலும் அவர் தயவு வேண்டும், அவரோ சும்மா தயவு காட்டுகிற ஆளில்லை. தன் முன்னால் காய வருகிற எந்தக் காயும் தலையில் இருப்பதைக் கழற்றிவிட்டு, வயிற்றைப் பிளந்து காட்டி, மல்லாந்து கிடக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார். கத்தரிக்காய் தன் பச்சைக் குல்லாவைக் கழற்றிவிட்டுக் கிடந்தது. வெண்டைக்காயும் அப்படியே. பாகற்காய்க்கு முகத்தில் கசப்பு இருந்தாலும் வாயில் வரவில்லை, அதுவும் கழற்றிவிட்டுப் படுத்தது. அவர் அவற்றின் தண்ணீரை எடுத்துக்கொள்வார். கூடவே ருசியிலும் பாதியை எடுத்துக்கொள்வார். ஏன் என்று ஒரு காயும் கேட்டதில்லை.

மிளகாயை மட்டும் யாரும் வெயிலய்யாவிடம் கொண்டுபோனது கிடையாது. அதற்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நொச்சியேந்தல் என்ற கரிசல்காட்டு ஊரில் அந்த மிளகாய்தான் விளைந்தது. வேறு எதைப் போட்டாலும் முளைத்துப் பார்த்துவிட்டுச் செத்துப்போகும். பங்குனி முடியும்போது செடியெல்லாம் ஒன்றாகப் பழுத்துச் சிவந்து நிற்கும். பறிப்பார்கள், தின்ன முடிந்ததைத் தின்பார்கள், மிச்சம் பத்து நாளில் அழுகிப்போகும். ஆடி பிறந்தால் ஆற்றங்கரைக்காரர்கள் நெல் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கெடாமல் இருக்கிற பண்டம் எது கொடுத்தாலும் நெல் போடுவார்கள். நொச்சியேந்தலில் ஆடி வரைக்கும் கெடாமல் இருந்தது மனுஷர்கள் மட்டும்தான். அதனால் அவர்களே போனார்கள். வீட்டுக் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, அந்த வண்டிகளுக்குப் பின்னாலேயே நடந்துபோய், யாரோ ஒருவரின் வயலில் இறங்கினார்கள். போனவர்கள் திரும்பவில்லை.

உடையாளின் அண்ணன் சாத்தப்பனும் அப்படித்தான் போனான். போகும்போது அவன் தலையில் சிவப்புத் தலைப்பாகை இருந்தது. மறுவருஷம் உடையாள் அவனைப் பார்க்கப் போனாள். தலைப்பாகை இடுப்பில் இருந்தது. வரப்பில் யாரோ செருமியதற்கு அவன் சட்டென்று குனிந்தான். பிறகு நிமிர்ந்து தங்கையிடம் பேசும்போதும் முதுகு முழுசாக நிமிரவில்லை. அதைப் பார்த்து உடையாளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வழி முழுக்க அந்தக் கோபத்தோடேயே நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

"நான் இந்த ஊரை விட்டுப் போறதா இல்ல," என்று புருஷன் சங்கையாவிடம் சொன்னாள்.

"திங்கிறதுக்கு?"

"மிளகாயைக் காயவைக்கப் போறேன். ஆடி வரைக்கும் அது தாங்குனா நாமளும் தாங்குவோம்."

சங்கையா நல்ல மனுஷன். ஆனால் பயந்த மனுஷன். பறித்த பழத்தைக் குவித்து, சாக்கைப் போட்டு மூடி, இரண்டு நாள் வைத்தான். அங்கங்கே பச்சை ஓடியிருந்த குவியல் ஒரே சிவப்பாயிற்று. ஊர்க்காரர்களுக்கும் ஆசை வந்தது. ஊர்ப் பெரியவரான அம்பலம் முதல் கடைசி வீடு வரை எல்லோரும் மிளகாயைக் கூடையில் அள்ளிக்கொண்டு களத்துக்கு வந்தார்கள்.

விரிப்பதற்குள் காகம் வந்து இறங்கியது. அதுதான் வெயிலய்யாவுக்குக் கட்டியக்காரன். களத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு நடை நடந்துவிட்டு, "எல்லாரும் காம்பைக் கழட்டு. வயித்தைப் பிளந்து காட்டு," என்றது.

உடையாளின் குவியலில் உச்சியில் கிடந்த ஒரு கோணல் மிளகாய் வாயைத் திறந்தது.

"எங்கிட்ட இருக்கிற தண்ணி மழை குடுத்தது. அதை வேணுமின்னா உங்க அய்யா எடுத்துக்கிறட்டும். தலைப்பா எங்க ஆத்தா கட்டிவிட்டது. உள்ள இருக்கிற காரம் என்னோடது. இது ரெண்டையும் தொடச் சொல்லாத."

"அப்பக் காய மாட்டே. அழுகித்தான் போவே," என்றது காகம்.

"தலைப்பாவோட அழுகுறேன்."

காகம் உடையாளைப் பார்த்தது. ஊரும் உடையாளைப் பார்த்தது. அவள் குனிந்து அந்த மிளகாயிடம் கேட்டாள்.

"ஏப்பா, என்னைக்குமே கழட்ட மாட்டியா?"

"உன் அம்மிக்கு வர்ற அன்னைக்கு நீயே கழட்டு, ஆத்தா. தண்ணி ஊத்தி வளத்தவ நீ. வேற யாரு முன்னாலயும் கழட்ட மாட்டேன்."

அம்பலம் பக்கத்தில் வந்து, அறிவுரை சொல்கிறவர்களுக்கே உரிய மெல்லிய குரலில் சொன்னார். "ஒரு காம்புதானத்தா. கிள்ளிப் போட்டா ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சிரும்."

"ஒரு துண்டுதானேன்னுதான் மாமா எங்கண்ணனும் அவுத்தான்," என்றாள் உடையாள்.

அம்பலம் திரும்பிப் போய்த் தன் மிளகாயின் காம்புகளைக் கிள்ள ஆரம்பித்தார். ஊரே உட்கார்ந்து கிள்ளியது. காம்பு போன ஓட்டை வழியே உள்ளே பார்த்துவிட்டு, பிளந்ததற்கு இதுவே போதும் என்றது காகம். சங்கையாவும் ஒரு மிளகாயை எடுத்துக் காம்பின்மேல் கட்டைவிரலை வைத்தான். பெண்டாட்டி அவனைத் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். அவன் விரலை எடுத்துவிட்டு மிளகாயைக் கீழே வைத்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலையை அதற்கு முன்னால் செய்ததில்லை.

காம்பு கிள்ளிய மிளகாயெல்லாம் இரண்டே நாளில் காய்ந்தது. பளபளவென்று பார்க்க அழகாக இருந்தது. ஊர்க்காரர்கள் பானையில் அள்ளிக் கட்டிவிட்டு, உடையாளின் களத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

வெயிலய்யா அவள் குவியலை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவள் விடியும்போது விரிப்பாள். காலால் துழாவிப் புரட்டிவிடுவாள். பொழுது சாய்ந்ததும் கூட்டிக் குவித்து, பனி இறங்காமல் பனையோலைப் பாயைப் போட்டு மூடுவாள். மறுநாள் மறுபடி விரிப்பாள். ஐந்து நாள் ஆயிற்று. மிளகாய் வாடியது, சுருங்கியது, காயவில்லை.

ஆனால் வெயிலய்யாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உலகத்துக் காயெல்லாம் தலையைக் காட்டிப் படுத்துக் கிடக்க, ஒரு பொட்டல் களத்தில் ஒரு குவியல் மிளகாய் மட்டும் தலைப்பாகையோடு தன்னை நிமிர்ந்து பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆறாம் நாளிலிருந்து தன்னிடம் இருந்த தீயையெல்லாம் திரட்டி நொச்சியேந்தல் களத்தில் கொட்டினார். கண்மாயில் இருந்த கடைசிச் சேறு வெடித்தது. ஆடுகள் நிழலைவிட்டு எழவில்லை. உடையாளின் உள்ளங்கால் கொப்பளித்தது. அதைக் கிழிந்த சேலைத் துணியால் சுற்றிக்கொண்டு புரட்டினாள்.

பதினோராம் நாள் அவளுக்கே பயம் வந்துவிட்டது. கோணல் மிளகாய் கருஞ்சிவப்பாகிச் சுருண்டு கிடந்தது.

"முடியலைன்னா சொல்லிரு, சாமி. நிழலுக்குக் கொண்டுபோயிர்றேன்," என்றாள்.

"நீ போறியா நிழலுக்கு?"

"நான் போகல."

"அப்ப நானும் இங்கனயே கெடக்கேன்," என்றது மிளகாய்.

ஒன்றை இருவருமே கவனிக்கவில்லை. கொட்டிய தீயெல்லாம் மிளகாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. தலைப்பாகை இறுக்கமாக இருந்ததால் ஒரு பொட்டுகூட வெளியே வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் உச்சிவேளையில் வெயிலய்யாவே இறங்கி வந்தார். களத்துமேட்டுப் பனைமர உயரத்துக்கு வந்துவிட்டார். சங்கையா கண்ணைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனான், மரம் போதவில்லை. உடையாள் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கழற்றச் சொல்," என்றார் அவர்.

"மாட்டேன்."

"நான் யார் என்று தெரியுமா?"

"தெரியும். நீங்க இல்லாட்டி ஒண்ணும் வெளையாது. ஒங்களக் கும்பிடத்தான் செய்யிறோம். கும்பிடுறதுக்குத் தலை வேணுமில்ல, அது எங்ககிட்டயே இருக்கட்டும்."

அவருக்கு அப்படி யாரும் பதில் சொன்னதில்லை. பேச்சை விட்டுவிட்டுத் தானே கையை நீட்டினார். கோணல் மிளகாயைத் தூக்கி, அதன் தலைப்பாகையைப் பட்டென்று ஒடித்தெறிந்து, இதற்குள் அப்படி என்னதான் வைத்திருக்கிறாய் என்று மூக்கை வைத்துப் பார்த்தார்.

ஏழு நாளாக அவரே கொட்டிய தீ, மிளகாயின் சொந்தக் காரத்தோடு சேர்ந்து, ஒரே மூச்சில் அவர் மூக்குக்குள் ஏறியது.

வெயிலய்யா தும்மினார். வானம் இடித்தது. மறுபடி தும்மினார், மறுபடி இடித்தது. கண்ணைக் கசக்கினார், கசக்கிய கையிலும் காரம். ஒருவரும் பார்க்காத ஒன்றை அன்று நொச்சியேந்தல் பார்த்தது. வெயிலய்யா அழுதார். சித்திரை நடுப்பகலில் பொலபொலவென்று மழை கொட்டியது.

ஜெயித்த சந்தோஷத்தில் நிற்க உடையாளுக்கு நேரமில்லை. காயப்போட்ட மிளகாய் நனையப்போகிறது. பன்னிரண்டு நாள் பாடு ஒரு நொடியில் போய்விடும். சுற்றிய துணி அவிழ, வெறுங்காலோடு ஓடிக் கூட்டினாள். மரத்துக்குப் பின்னால் இருந்த சங்கையா கூப்பிடாமலே பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பாய் காற்றில் பறக்கப் பார்த்தது. இருவரும் அதன்மேல் குப்புற விழுந்து, முதுகில் மழையை வாங்கிக்கொண்டு, அது ஓயும்வரை கிடந்தார்கள். அவளுக்கு இடையில் சிரிப்பு வந்துவிட்டது. பாய்க்கு அடியில் மிளகாயெல்லாம் கலகலவென்றது. உள்ளே விதை கழன்று ஆடுகிற அந்தச் சத்தத்தில்தான் அது காய்ந்துவிட்டது என்று அவள் தெரிந்துகொண்டாள்.

கோணல் மிளகாய் மட்டும் தப்பவில்லை. வெயிலய்யா போட்ட இடத்திலேயே கிடந்தது. ஒடிந்த இடம் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. மறுநாளே கறுத்துப்போயிற்று. உடையாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், வாய்விட்டு அழுதாள். பிறகு அதன் விதைகளை உதறி எடுத்து, சாம்பலில் புரட்டி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெயிலய்யா மறுநாள் வழக்கம்போல உதித்தார். அந்தக் களத்துப் பக்கம் வந்தபோது எதையும் கழற்றச் சொல்லாமல் காய்ச்சிவிட்டு நகர்ந்தார். காகமும் அதற்குப் பிறகு மற்ற வற்றலைத்தான் கொத்தியது, மிளகாய்ப் பக்கம் வரவில்லை.

ஆடி பிறந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் ஊர்க்காரர்கள் பானையை அவிழ்த்தார்கள். கிள்ளிய காம்பு இருந்த இடம் திறந்த வாசலாகக் கிடந்திருக்கிறது. அது வழியாக ஈரம் போய், பூஞ்சை போய், வண்டு போய், உள்ளே மிஞ்சியது தூசிதான். அதிலும் நல்லதாக இருந்த ஒன்றிரண்டை வாயில் போட்டால் சப்பென்று இருந்தது. உடையாள் தன் பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். மிளகாய் சலசலவென்று சரிந்தது. வண்டிக்காரன் ஒன்றைக் கடித்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் இருக்கா?" என்றான். படிக்குப் படி நெல் அளந்தான்.

அம்பலம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உடையாளின் வாசலுக்கு வந்தார்.

"துண்டைத் தலையில கட்டிக்கிட்டுப் பேசுங்க மாமா," என்றாள் அவள்.

நெல்லை ஊருக்குப் பங்கு வைத்தாள். யாருக்கும் வயிறு நிறையவில்லை. ஆனால் அந்த வருஷம் ஒரு வீட்டுக் கதவிலும் கயிறு ஏறவில்லை.

வண்டி கிளம்பும்போது, காம்போடு இருந்த ஒரு மிளகாயை வண்டிக்காரனிடம் கொடுத்து, "சாத்தப்பன்னு ஒருத்தர் உங்க பக்கம் வேலை பாக்கிறாரு. அவரு கையில குடுங்க. தங்கச்சி குடுத்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

மறுபங்குனியில், கோணல் மிளகாயின் விதையில் முளைத்த செடியெல்லாம் சிவந்து நின்றபோது, கரிசல்காட்டு வழியே ஓர் ஆள் பழம் பறிக்க வந்தான். வெகு தூரத்தில் வரும்போதே உடையாளுக்கு அவனைத் தெரிந்துவிட்டது. தலையில் சிவப்புத் தலைப்பாகை இருந்தது.

கத்தரியும் வெண்டையும் தலையைப் பறிகொடுத்து, வயிறு பிளந்து கிடக்கிற வெயிலில், மிளகாய் மட்டும் முழுசாக, காம்போடு காய்வது அன்று தொடங்கியதுதான். நாம் மிளகாயை விரித்த நாளாகப் பார்த்து மழை வருவதும் அன்று முதல்தான், வெயிலய்யாவுக்கு அந்த மூக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் காம்பைக் கிள்ளுகிற உரிமை இன்றைக்கும் அரைக்க உட்காருகிற கைக்கு மட்டும்தான் உண்டு.