துண்டு போர்த்திய லேப்டாப்

பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் இலையிலும் அப்பளம், பக்கத்து இலையிலும் அப்பளம். இரண்டும் ஒரே சட்டியில் பொரித்ததுதான். பக்கத்து இலை அப்பளம் மட்டும் ஏன் பெரிதாகத் தெரிகிறது?

இசக்கியம்மாளுக்கும் தெரிந்தது. ஆனால் அது அப்பளம் இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"மரகதத்துக்கு மட்டும் அந்தப் புதுசைக் குடுத்திருக்கியளே, தீப்பெட்டி கணக்கா! எனக்கு ஏன் இந்தச் செங்கல்?"

செங்கல் என்று அவள் சொன்னது கடையின் பழைய ஹார்டு டிஸ்க்கை. உள்ளே தட்டு சுற்றும். காதை வைத்தால் உர்ரென்று கேட்கும். மரகதத்திடம் இருந்தது எஸ்.எஸ்.டி. அதில் சுற்றுவதற்கு ஒன்றும் கிடையாது, சத்தமும் கிடையாது. கொள்ளளவு என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஜெசிந்தா டீச்சர் எழுந்தாள். ஒரு டம்ளரில் விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"இதைக் கையில பிடிச்சிக்கிட்டு, டவுன் பஸ்ல உவரிக்குப் போயிட்டு வாங்கக்கா."

மரகதம் உவரியிலிருந்துதான் வருகிறாள். தினமும் நின்றுகொண்டே. இசக்கியம்மாள் வீடு கடைக்குப் பின்தெரு.

இசக்கியம்மாள் டம்ளரைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"கேட்டதுக்குப் பதில் வரலியே" என்று முணுமுணுத்தபடி செங்கலைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திசையன்விளையில் சைக்கிள் கடை மாடிதான் டீச்சருடைய கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று வருகிற வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்குகிற வேலை. இசக்கியம்மாளுக்குக் கல்யாணமானபோது ஜெசிந்தா இரட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இன்றைக்கு அவள் டீச்சர், இவள் மாணவி. அதில் இசக்கியம்மாளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் தனக்குப் பின்னால் வந்து சேர்ந்த மரகதத்தின் மேல்தான்.

மரகதம் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று தோன்றும். சிரிக்காவிட்டால் அப்படி என்ன கர்வம் என்று தோன்றும்.

இன்னொரு நாள்.

"டீச்சர், மரகதத்தோட லேப்டாப் மூணாங்கையா வாங்குனது. என்னது என் தம்பி துபாய்ல இருந்து அனுப்புனது. கரண்டு போனா அவளுது நின்னு எரியுது. என்னது சட்டுன்னு அணைஞ்சு போவுது. இது என்ன நியாயம்?"

டீச்சர் எழுந்து வந்தாள். இசக்கியம்மாளின் லேப்டாப் மேல் ஒரு குளியல் துண்டு போர்த்தியிருந்தது. துண்டுக்குள்ளிருந்து சார்ஜர் வயர் வால்போல் நீண்டு சுவரில் போய்ச் செருகியிருந்தது.

"இது என்னக்கா போர்வை?"

"கண்ணு பட்டுரும் டீச்சர்."

"யாரு கண்ணு?"

இசக்கியம்மாள் ஓரக்கண்ணால் மரகதம் இருந்த பக்கம் பார்த்தாள்.

டீச்சர் துண்டை எடுத்தாள். லேப்டாப்பின் அடியில் கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். தோசைக்கல் சூடு. சார்ஜரைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, ஆணியில் மாட்டினாள். துண்டை மடித்து இசக்கியம்மாள் தோளில் போட்டாள். தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

முதல் நாளே சொல்லியிருந்தாள்தான். எந்நேரமும் வயரில் போட்டு வைக்காதீர்கள், சார்ஜ் எண்பது சதவீதம் வந்தால் கழற்றுங்கள், இருபதுக்குக் கீழே இறங்க விடாதீர்கள், சூடாக விடாதீர்கள். மரகதம் அப்படியே செய்தாள். எண்பது வந்ததும் கழற்றிவிட்டுத் தன்பாட்டுக்கு வேலை பார்ப்பாள்.

எண்பதாம்! மூணாங்கைக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டாள் இசக்கியம்மாள். நமக்கு நூறு இருக்க வேண்டாமா? அவளுடையது எண்பது காட்டும்போது நம்முடையது எழுபத்தொன்பது காட்டினால் அன்றைக்குச் சோறு இறங்குமா?

டீச்சர் கீழே டீ வாங்கப் போனதும் வயர் மறுபடி சுவருக்குப் போனது. துண்டும் ஏறியது.

அந்தக் கடையில் ஒரு முறை உண்டு. எந்த வேலையும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் கையில் ஒன்று. கடையின் பெரிய டிஸ்க்கில் ஒன்று. இணையத்தில் ஒன்று, அதை 'மேல ஏத்துறது' என்பார்கள்.

இசக்கியம்மாள் கடை டிஸ்க்கைத் தினமும் திறந்தாள். மரகதத்தின் வேலையை எடுக்க. அவள் செய்த ஒவ்வொரு கல்யாணத்தையும் தன் லேப்டாப்புக்கு இறக்கி, வீட்டில் கறி கொதிக்கிற நேரத்தில் போட்டுப் பார்ப்பாள். எங்கே தப்பு, எங்கே சொதப்பல் என்று. ஒன்று கிடைத்தால் அன்றைக்குக் குழம்புக்குத் தனி ருசி.

தன் வேலையை மட்டும் அங்கே வைக்கமாட்டாள். வைத்தால் மரகதம் பார்ப்பாள். பார்த்தால் படித்துக்கொள்வாள்.

இப்படியே லேப்டாப் நிறைந்துபோனது. அவளுடைய சொந்த வேலைக்கு அதில் இடமில்லை. அது செங்கலில் கிடந்தது.

அந்த வருடம் அவள் புகுந்த வீட்டுக் குலதெய்வமான சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. அவளுடைய மாமனார்தான் சாமியாடி. வல்லயம் என்கிற வேல்கம்பைப் பிடித்து ஆடுகிற கை இந்த முறை நடுங்கியது. ஆட்டம் முடிந்து இறங்கியவர் ஊர் முன்னால் சொல்லிவிட்டார்:

"இனி மூத்தவன் ஆடுவான். எனக்கு இதோட போதும்."

வீடியோ வேலையை டீச்சர் இசக்கியம்மாளிடம் கொடுத்தாள். அவள் தனியாகச் செய்கிற முதல் வேலை. எட்டாம் நாள் மறுபூசை. எட்டாம் கொடை என்பார்கள். அன்றைக்குக் கோயில் முன்னால் திரை கட்டி ஊரே உட்கார்ந்து பார்க்கும். மாமனார் தான் ஆடியதை வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறார். ஆடும்போது அவருக்குத் தன் நினைவு ஏது?

"என் மருமவ செய்யுதா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டாம் கொடைக்கு முதல் நாள் காலை, இசக்கியம்மாள் கடைக்கு வந்து, போர்த்தியிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லேப்டாப்பை மேசையில் வைத்தாள். ஆடியது.

மேசைதான் கோணல் என்று நினைத்து இடம் மாற்றினாள். அங்கேயும் ஆடியது. பேப்பரை மடித்து அடியில் கொடுத்தாள். கடைசிப் பாட்டைச் சேர்த்து, நிம்மதியாக ஒரு தட்டுத் தட்டினாள்.

லேப்டாப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செங்கலுக்குப் போன வயரை இழுத்தது. ஓடிக்கொண்டிருந்த செங்கல் மேசையிலிருந்து தரைக்குப் போனது.

எடுத்தாள். உர்ர் இல்லை.

டிக். டிக். டிக்.

"டீச்சர்!"

டீச்சர் ஹார்டு டிஸ்க்கைக் காதில் வைத்தாள். உடனே வயரைக் கழற்றினாள்.

"திரும்பப் போட்டுப் பாருங்க டீச்சர்!"

"போடப் போட உள்ள தட்டு இன்னும் கீறும்க்கா."

பிறகு லேப்டாப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினாள். பூரி மாதிரி உப்பியிருந்தது. பேட்டரி.

அதை அணைத்து, சார்ஜரையும் பிடுங்கி, மெதுவாக மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், நிழலில் மணல் கொட்டியிருந்த இடத்தில் வைத்தாள்.

"யாரும் அமுக்கவும் கூடாது, குத்தவும் கூடாது" என்றாள். அதோடு சரி, ஒரு திட்டும் இல்லை. திட்டியிருந்தாலாவது இசக்கியம்மாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கடை டிஸ்க்ல வச்சிருக்கியளா?"

"இல்ல."

"மேல ஏத்துனியளா?"

"இல்ல."

"ஏன்க்கா?"

மரகதம் அங்கேதான் இருந்தாள், பஸ்ஸில் கசங்கிய சேலையோடு. இசக்கியம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இவ பாத்துருவா."

டீச்சர் செங்கலை மேசையில் வைத்தாள்.

"லேப்டாப்ல ஒண்ணு போட்டு வச்சிருக்கலாமே?"

"எடம் இல்ல டீச்சர்."

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"இவ வேலைதான். எல்லாக் கல்யாணமும்."

"எதுக்கு?"

"குத்தம் பாக்க."

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"கிடைச்சுதாக்கா?" என்றாள்.

"ஒண்ணு ரெண்டு. அந்த இடையன்குடிக் கல்யாணத்துல தாலி கட்டுறதுக்கு முந்தியே கெட்டிமேளம் வந்துருது."

"அட, ஆமா! அந்த மாப்பிள்ளையும் கேட்டாரு. என்னன்னு பிடிபடாமலே இருந்துச்சு."

இசக்கியம்மாள் அதைக் கேட்கவில்லை. அவள் கண்ணில் திரை கட்டிய கோயில் நின்றது. முன்வரிசையில் சட்டை போடாமல், திருநீறு பூசி உட்கார்ந்திருக்கிற மாமனார் நின்றார். வெள்ளைத் திரை வெள்ளையாகவே இருந்தது.

"ஊருக்கு என்ன சொல்லுவேன்? அவருகிட்ட என்ன சொல்லுவேன்? இன்னொரு தடவை ஆடுங்க மாமான்னு சொல்ல முடியுமா?"

தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மரகதம் தன் பையைத் திறந்தாள். சாப்பாட்டுத் தூக்குக்கும் குடைக்கும் நடுவிலிருந்து அந்தத் தீப்பெட்டியை எடுத்தாள்.

"யக்கா, இதுல இருக்கு."

"எது?"

"கொடை. கேமராவுல இருந்து வந்தது அப்படியே இருக்கு. மாமா ஆடுனது, எல்லாரும் திருநீறு வாங்குனது, எல்லாம்."

கேமராவின் மெமரி கார்டுகளைத் துடைத்துத் திரும்பக் கொடுப்பது மரகதத்தின் வேலை. அது எச்சில் தட்டுக் கழுவுகிற வேலை என்று இசக்கியம்மாள் எப்போதோ தள்ளிவிட்டது.

அழுகை நின்றது. அப்போது கூட அவளுக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா?

"என் படம் உன்கிட்ட எதுக்குடீ? எத்தனை நாளா எடுக்குற? நான் அப்பவே நினைச்சேன்!"

மரகதத்தின் முகம் சிறுத்துப்போனது.

"கார்டை அழிக்கிறதுக்கு முந்தி எல்லாத்தையும் ஒரு தடவை எடுத்து வைப்பேன்க்கா. வேலை முடிஞ்சதும் அழிச்சிருவேன். நாளைக்கு ஒண்ணு காணலைன்னா அழிச்சவ தலைதானே உருளும். நான் பஸ்ஸுலயே கெடக்கிறவ, இது குலுக்குனாலும் ஒண்ணும் ஆவாதுன்னு டீச்சர் இதைக் குடுத்தாங்க. அதான் இதுல..."

டீச்சர் அந்தத் தீப்பெட்டியை மரகதத்தின் கையிலிருந்து வாங்கினாள். உள்ளங்கையில் வைத்து இசக்கியம்மாள் முன்னால் நீட்டினாள்.

"அழிச்சிரச் சொல்லட்டுமாக்கா?"

இசக்கியம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். புஸ், புஸ், புஸ். அது நிற்கிற வரைக்கும் நின்றாள்.

பிறகு மரகதத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து வெட்ட வேண்டியிருந்தது. மரகதத்தின் மூணாங்கை லேப்டாப்பில் மரகதத்தின் கை ஓடியது. இசக்கியம்மாள் சொல்லச் சொல்ல ஓடியது.

"அங்க வெட்டு. இல்ல, கொஞ்சம் முந்தி. கை நடுங்குதுல்லா, அதை வெட்டாத. அது இருக்கட்டும்."

"இதுலயாக்கா பாட்டு?"

"பாட்டு வேண்டாம். மேளம் மட்டும். வல்லயத்தைக் கீழ வைக்கும்போது அதையும் நிறுத்திரு."

மரகதம் நிறுத்தினாள். திரையில் கிழவர் வல்லயத்தைக் கீழே வைத்தார். சத்தமே இல்லை.

"இதை எங்கக்கா படிச்சிய?" என்றாள் மரகதம்.

உச்சிவேளைக்கு மேல் கரண்டு போனது. மின்விசிறி நின்றது. இசக்கியம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தாள். எழுபத்தாறு. அப்புறம் அறுபது. நாற்பத்து நான்கு. மூணாங்கை அசரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மரகதத்துக்கு விசிறினாள். லேப்டாப்புக்கும் சேர்த்தே விசிறினாள்.

முப்பதில் கரண்டு வந்தது. வெயில் தாழும்போது படம் முடிந்தது.

டீச்சர் வந்தாள். படத்தை முழுக்கப் பார்த்தாள். ஊருக்குக் கொண்டுபோக ஒரு பென்டிரைவில் போட்டு இசக்கியம்மாளின் முந்தானையில் முடிந்துவிட்டாள்.

"கடை டிஸ்க்ல ஒண்ணு வச்சாச்சு" என்றாள். "மேல ஒண்ணு ஏறிக்கிட்டிருக்கு. மூணாவது உங்க கையில இருக்கணும். எதுல வைக்கப் போறிய?"

இசக்கியம்மாள் மொட்டைமாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மணலில் லேப்டாப் உப்பிக்கொண்டு கிடந்தது.

மரகதம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று தூக்கையும் குடையையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி மரகதம்."

"என்னக்கா?"

"அந்தத் தீப்பெட்டியில கொஞ்சம் எடம் இருந்தா, என்னதையும் ஒண்ணு வச்சுக்கிடேன்."